எம்ஜிபி என்ஜினுக்கு எந்தப் பிஸ்டன்? வாசகர் கேள்வி பதில்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வரும் கடிதங்களில் இந்த முறை பெரும்பாலானவை எம்ஜிபியைச் சுற்றியே இருந்தன. 1962-இல் வெளிவந்த அந்தக் காரின் 1798 சி.சி. பி-சீரிஸ் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது கூடுதல் கம்ப்ரஷன் தரும், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையை இன்னும் நெருக்கி அழுத்தும் பிஸ்டன் போடலாமா, எவ்வளவு வரை போகலாம் என்பதே பலரின் சந்தேகம். எனவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: என் 1968 எம்ஜிபியின் என்ஜினைப் பிரித்தாகிவிட்டது. சிலிண்டர்கள் தேய்ந்திருப்பதால் 0.030 அங்குல ஓவர்சைஸுக்குப் போரிங் செய்து போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள். கம்ப்ரஷன் விகிதம் 8.8, 9.5, மேல்பக்கம் தட்டையான 10 என மூன்று வகைப் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. எது நல்லது? சாதாரணச் சாலைப் பயன்பாடுதான். (லண்டன் வாசகர்)

பதில்: பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்கு வரும்போது சிலிண்டருக்குள் உள்ள இடம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதே கம்ப்ரஷன் விகிதம். வாங்குவதற்கு முன் பலன் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். கோட்பாட்டுக் கணக்குப்படி 8.8-இலிருந்து 9.5-க்குப் போனால் என்ஜினின் வெப்பத்திறன் சுமார் 2 சதவீதம் கூடும். இந்த என்ஜின் புதிதாக வந்தபோது அதன் திறன் 95 குதிரை. அதில் 2 சதவீதம் என்பது 2 குதிரைக்குக் கொஞ்சம் மேல். 9.5-இலிருந்து 10-க்குப் போனால் கூடுவது ஒன்றரைக் குதிரைக்கும் குறைவு. அந்த ஒன்றரைக் குதிரைக்காகப் பெட்ரோல் தரம், இக்னிஷன் டைமிங், கோடை வெயில் என எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

8.8 விகிதம் 98 ரான் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் வடிவமைத்தது. இன்று பிரிட்டனில் சாதாரண பங்கில் கிடைப்பது 95 ரான், அதிலும் 10 சதவீதம் வரை எத்தனால். 97 அல்லது 99 ரான் உள்ள சூப்பர் வகையை எப்போதும் போடுவேன் என்றால் வார்ப்பிரும்பு ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) 9.5 வரை நிம்மதியாகப் போகலாம். 95-ஐத்தான் போடுவேன் என்றால் 9-ஐ ஒட்டி நின்றுவிடுங்கள். வால்வுகளைத் திறந்து மூடும் ஸ்டாண்டர்ட் கேம்ஷாஃப்ட்டோடு சாலையில் ஓடும் காருக்கு 10 விகிதத்தை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

இன்னொன்று. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 8.8, 9.5 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். அந்த எண், ஹெட்டும் பிளாக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே இருந்தால் மட்டும் பொருந்தும். ஐம்பது ஆண்டுகளில் உங்கள் ஹெட்டை யார் யார் எத்தனை முறை ஃபேசிங் செய்தார்கள், அதாவது தளத்தைச் செதுக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? போரைப் பெரிதாக்கினாலே விகிதம் ஏறும். அளந்து பார்க்காமல் 9.5 பிஸ்டன் போட்டு, முடிவில் 10.2-இல் வந்து நிற்கும் என்ஜின்கள் அபூர்வமில்லை.

கேள்வி: அளப்பது என்றால் எப்படி? பட்டறையில்தான் செய்ய வேண்டுமா, வீட்டிலேயே முடியுமா? (பர்மிங்காம் வாசகர்)

பதில்: வீட்டிலேயே முடியும். 50 அல்லது 100 மில்லி ப்யூரெட் (அளவுக் குறியிட்ட கண்ணாடிக் குழாய்), நடுவில் துளை போட்ட 6 மி.மீ. கனமுள்ள தெளிவான அக்ரிலிக் தகடு, கொஞ்சம் கிரீஸ், சாயம் கலந்த மண்ணெண்ணெய், ஒரு டெப்த் கேஜ். இவ்வளவுதான் தேவை.

ஹெட்டைத் தலைகீழாக, மட்டமாக வையுங்கள். வால்வுகள் அமர்ந்திருக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் பூட்டியிருக்க வேண்டும். எரி அறையைச் சுற்றி மெல்லிசாகக் கிரீஸ் தடவி, தகட்டை அழுத்தி ஒட்டுங்கள். துளை வழியாக மண்ணெண்ணெயை விட்டு, கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறும் வரை நிரப்புங்கள். ப்யூரெட்டில் இறங்கிய அளவே அறையின் கொள்ளளவு. கை படாத எம்ஜிபி ஹெட்டில் இது 43 சி.சி.யை ஒட்டி வரும். நான்கு அறைகளையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அரை சி.சி.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், சிறிய அறையை லேசாகத் தேய்த்துப் பெரியதோடு சமப்படுத்துங்கள்.

அடுத்து டெக் உயரம், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் விளிம்பு பிளாக்கின் மேல்தளத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின் ஓடும் அச்சுக்கு நேர் மேலே அளந்தால் பிஸ்டன் ஆட்டம் காட்டாது. முதல் சிலிண்டரிலும் நான்காம் சிலிண்டரிலும் வேறு வேறு அளவு வந்தால் பிளாக்கின் தளம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

பிஸ்டன் தலையிலுள்ள குழியையும் அளக்க வேண்டும். விளிம்பு தளத்துக்குச் சரியாக 10 மி.மீ. கீழே இருக்கும்படி பிஸ்டனை இறக்கி, சுற்றிலும் உள்ள இடுக்கில் கிரீஸ் அடைத்து, தகட்டை மேலே ஒட்டி நிரப்புங்கள். 0.030 ஓவர்சைஸ் போர் 81.03 மி.மீ. அந்தப் போரில் 10 மி.மீ. ஆழத்துக்கு வெற்றிடம் 51.6 சி.சி. ப்யூரெட் 58.1 காட்டினால் குழி 6.5 சி.சி.

இனிக் கணக்கு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். போர் 81.03, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. என்றால் ஒரு சிலிண்டரின் வீச்சுக் கொள்ளளவு 458.4 சி.சி. ஒருமுறை ஃபேசிங் ஆன ஹெட், அறை 42. இறுக்கியபின் 0.8 மி.மீ. கனமும் 83 மி.மீ. துளையும் உள்ள கேஸ்கட், 4.3. டெக் 0.9 மி.மீ., அதாவது 4.6. குழி 6.5. எல்லாம் சேர்ந்து 57.4 சி.சி. வீச்சுக் கொள்ளளவை இதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் விகிதம் 9.0. பெட்டியில் 8.8 என்று போட்டிருந்த அதே பிஸ்டன்தான்!

குழியே இல்லாத தட்டைப் பிஸ்டன் போட்டால் 57.4 என்பது 50.9 ஆகும், விகிதம் 10.0. மூன்று சி.சி. குழியுள்ள பிஸ்டன் என்றால் 9.5.

இதே உதாரணத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது, எங்களுக்குப் பிடித்ததும் அதுதான். 6.5 சி.சி. குழியுள்ள ஸ்டாண்டர்ட் பிஸ்டனையே வைத்துக்கொண்டு, பிளாக்கின் மேல்தளத்தை 0.5 மி.மீ. செதுக்குங்கள். டெக் 0.9-இலிருந்து 0.4 ஆகும். 2.6 சி.சி. குறைந்து விகிதம் 9.4-ஐத் தொடும். பிஸ்டன் மாற்றிக் கிடைப்பதும் ஏறக்குறைய இதே எண்தான். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவில் சிக்கிய கலவை பிதுங்கி, ஸ்பார்க் பிளக் பக்கம் பாயும். அந்தப் பாய்ச்சல் கலவையைக் கலக்கி எரிதலை விரைவுபடுத்தும். மூலையில் தங்கி, கடைசியில் தானாக வெடிக்கக் காத்திருக்கும் கலவையும் குறையும். இதற்கு டெக்கும் கேஸ்கட் கனமும் சேர்ந்து 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 0.9 டெக்கும் 0.8 கேஸ்கட்டும் சேர்ந்தால் 1.7, பாய்ச்சல் மந்தம். டெக்கைச் செதுக்கியபின் 1.2. அதே 9.4 விகிதம், ஆனால் நாக்கிங்குக்கு, அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டுவதற்கு, இடம் குறைவு. இந்தக் கூட்டளவு 0.9 மி.மீ.க்குக் கீழே மட்டும் போக வேண்டாம். சூட்டில் கனெக்டிங் ராட் நீள்வதும் பேரிங் இடைவெளியும் சேர்ந்து பிஸ்டன் ஹெட்டில் தட்டிவிடும்.

பிளாக்கையோ ஹெட்டையோ செதுக்கினால் கூடவே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பி-சீரிஸில் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு போரின் எல்லையைத் தாண்டி பிளாக்கின் மேல் நிற்கும். செதுக்கச் செதுக்க அந்த இடைவெளி சுருங்கும். விளையாட்டுக் களிமண்ணை அங்கே ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, களிமண்ணை வெட்டிக் கனம் பாருங்கள். 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் பிளாக்கில் வால்வுக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். லிஃப்ட் கூடிய (வால்வை அதிகம் தூக்கும்) கேம் போடுபவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி: எனது கார் 1974 வட அமெரிக்க மாடல், 8.0 விகிதம். நண்பர்கள் 10.5 பிஸ்டனும், வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் “சூடான” கேமும் போடச் சொல்கிறார்கள். இங்கே 91 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல்தான் எளிதில் கிடைக்கும். 91 போதாது என்று பயமாக இருக்கிறது. (டொராண்டோ வாசகர்)

பதில்: உங்கள் பயத்தில் பாதி தேவையற்றது. கனடா, அமெரிக்கப் பம்புகளில் எழுதியிருப்பது ரான் எண் அல்ல. ரான், மான் என்ற இரு சோதனை எண்களின் சராசரி. அங்கே 91 என்பது பிரிட்டிஷ் கணக்கில் ஏறக்குறைய 95 முதல் 96 ரான். பிரிட்டனில் வெளியான கட்டுரையில் “97 ஆக்டேன் வேண்டும்” என்று இருந்தால், அதை உங்கள் பம்ப் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

கேம் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 10.5 என்பது பிஸ்டன் கீழிருந்து மேல்வரை முழுத் தூரமும் அழுத்துவதாக வைத்துப் போடும் கணக்கு. நிஜத்தில் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கியபின்னும் இன்லெட் வால்வு திறந்தே இருக்கும். அது மூடிய பிறகே அழுத்தம் ஆரம்பம். ஸ்டாண்டர்ட் எம்ஜிபி கேமில் இன்லெட் வால்வு, பிஸ்டன் அடிமட்டம் கடந்து 56 டிகிரியில் மூடும். 6.5 அங்குல ராடும் 3.5 அங்குல ஸ்ட்ரோக்கும் வைத்துக் கணக்கிட்டால், அந்த நேரத்தில் பிஸ்டனுக்கு ஸ்ட்ரோக்கின் 83 சதவீதத் தூரம்தான் பாக்கி. ஆகவே 8.8 விகிதம் உண்மையில் 7.45 ஆக வேலை செய்யும். 9.5 போட்டால் 8.0. 10 போட்டால் 8.4.

இப்போது வால்வு 66 டிகிரியில் மூடும் கேம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாக்கித் தூரம் 76 சதவீதமாகக் குறையும். 9.5 பிஸ்டனோடு உண்மை விகிதம் 7.46, அதாவது ஸ்டாண்டர்ட் கேமில் 8.8 தந்த அதே அளவு. 10 என்றால் 7.84. 10.5 என்றால் 8.2.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரியும். சூடான கேமை 8.0 பிஸ்டனோடு போட்டால், கீழ் வேகத்தில் என்ஜின் சோம்பிப் போகும். போக்குவரத்து நெரிசலில் ஓட்டவே பிடிக்காது. எனவே கேம் மாற்றினால் கம்ப்ரஷனையும் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதே சமயம் கேமை மாற்றாமல் 10.5 பிஸ்டன் மட்டும் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. உங்கள் பெட்ரோலுக்கு உண்மை விகிதம் 8-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். 66 டிகிரியில் மூடும் கேமுக்கு 10 போதும். கேமைத் தொடாவிட்டால் 9-ஐ ஒட்டி. 8.0-இலிருந்து 9-க்கு ஏறினாலே சுமார் மூன்றரை சதவீதப் பலன் கிடைக்கும். இந்த மாற்றத்தால் அதிகம் லாபம் அடைவது உங்களுடையது போன்ற வட அமெரிக்கக் கார்கள்தான்.

கேமை வாங்கும் முன் அதன் அட்டையில் இன்லெட் மூடும் டிகிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். “ஃபாஸ்ட் ரோடு” போன்ற பெயர்களை வைத்து எதையும் கணக்கிட முடியாது.

கேள்வி: பிஸ்டன் ஆர்டர் செய்யும்போது என்ஜின் நம்பர் கேட்கிறார்கள். எல்லா எம்ஜிபிக்கும் ஒரே போர்தானே? (லெஸ்டர் வாசகர்)

பதில்: போர் ஒன்றுதான், கட்ஜன் பின் ஒன்றல்ல. ஆரம்பகால மூன்று மெயின் பேரிங் என்ஜின்களான 18ஜி, 18ஜிஏ இரண்டிலும் ராடின் மேல்முனையில் ஒரு கிளாம்ப் போல்ட் பின்னைப் பிடித்திருக்கும். 1964 இறுதியில் ஐந்து மெயின் பேரிங்குடன் வந்த 18ஜிபியில் பின் மிதக்கும், இரு ஓரங்களிலும் சர்க்ளிப் இருக்கும். 18ஜிடியிலிருந்து பின் ராடுக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தியது. மாற்றி வாங்கினால் பிஸ்டனை ராடில் சேர்க்கவே முடியாது. நம்பர் தகடு சொல்வதை மட்டும் நம்பாமல், ராடைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடையில் யாரோ வேறு என்ஜினின் ராடுகளைப் பூட்டியிருக்கலாம். அழுத்திப் பொருத்தும் வகைக்கு ராடைச் சூடாக்கும் கருவி உள்ள பட்டறைதான் சரி. வைஸில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் பிஸ்டன் கோணிவிடும்.

எடையையும் பாருங்கள். நான்கு பிஸ்டனும் ஒன்றுக்கொன்று 2 கிராமுக்குள் இருந்தால் போதும். பழையதைவிடப் புதிய செட் மொத்தமாக எடை குறைவாக இருந்தாலும் இந்த நான்கு சிலிண்டர் கிராங்கை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் போட்டால் என்ஜின் நீண்டநாள் உழைக்குமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: சாலைக் காருக்கு வார்ப்புப் பிஸ்டனே போதும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதனால் போர் இடைவெளி கூடுதலாக வேண்டும். எம்ஜிபியின் தொழிற்சாலை அளவு, பிஸ்டன் பாவாடையின் (கீழ்ப்பக்கச் சுவரின்) அடியில் 0.0006 முதல் 0.0012 அங்குலம். ஃபோர்ஜ்டு வகைக்கு இதைப்போல் மூன்று நான்கு மடங்கு கேட்பார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் லொடலொடவென்று சத்தம் வரும், எண்ணெயும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். 6500 ஆர்பிஎம்முக்கு மேல் தினமும் ஓட்டும் ரேஸ் காருக்கு அது தேவை. நாக்கிங்கைத் தாங்கட்டும் என்று ஃபோர்ஜ்டு போடுவது தப்புக் கணக்கு. நாக்கிங் வந்தால் பிஸ்டன் தப்பினாலும் ஹெட் கேஸ்கட்டும் பிக் எண்ட் பேரிங்கும் தப்பாது.

எந்த வகையானாலும் பிஸ்டன் கைக்கு வந்தபிறகே போரிங் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கேற்ற போர் வெட்டி, ஹோனிங் செய்து, எந்தச் சிலிண்டருக்கு எது என்று எண் போட்டு வைக்க வேண்டும்.

கேள்வி: எமது 1966 எம்ஜிபியின் எஞ்சினைப் புதுப்பித்தோம். 0.040 ஓவர்சைஸ், 9.5 பிஸ்டன். 92 ஒக்ரேன் பெற்றோல் பாவிக்கிறோம். கண்டி போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் நான்காம் கியரில் கால் அழுத்தினால் கலகலவென்று ஒரு சத்தம் கேட்கிறது. என்ன செய்யலாம்? (கொழும்பு வாசகர்)

பதில்: அது நாக்கிங். கண்ணாடிக் குண்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போலக் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தோடு ஏற்றம் ஏறுவதை இன்றே நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகளோ மினுமினுக்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால், பிஸ்டனின் தலை ஏற்கெனவே அரிபட ஆரம்பித்துவிட்டது. அடுத்து ரிங்குகளுக்கு நடுவே உள்ள வரப்பு உடையும். அல்லது இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் ஊதும். இந்த ஹெட்டில் அந்த இரண்டுக்கும் ஒரே எக்ஸாஸ்ட் வழி, அங்கேதான் சூடு அதிகம்.

முதல் வேலை, 95 ஒக்ரேனுக்கு மாறுங்கள். 9.5 விகிதத்துக்கு 92 எந்த வகையிலும் போதாது.

இரண்டாவது டைமிங். வாக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்ட்ரோப் விளக்கோடு 4000 ஆர்பிஎம்மில் மொத்த அட்வான்ஸை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பே ஸ்பார்க் வருகிறது என்பதைப் பாருங்கள். 32 டிகிரிக்கு மேல் இருந்தால் குறையுங்கள். ஐட்லிங்கில் 10 டிகிரி வைத்தேன், போதாதா என்று கேட்கக் கூடாது. பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் எடைக்கற்களின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கீழே 10 காட்டிவிட்டு 2500-லேயே முழு அட்வான்ஸுக்குத் தாவிவிடும். ஏற்றத்தில் நீங்கள் ஓட்டுவது சரியாக அந்த வேகத்தில்தான். புல்லியின் குறியையும் சோதியுங்கள். வெளிவளையம் ரப்பரில் ஒட்டிய புல்லி என்றால், வளையம் நழுவிக் குறி இடம் மாறியிருக்கலாம். பிளக் துளையில் ஒரு தடுப்புக் குச்சி பூட்டி, என்ஜினை இருபக்கமும் கையால் சுற்றி, தட்டும் இரு இடங்களுக்கு நடுப்புள்ளியைக் குறித்தால் உண்மையான உச்சி தெரிந்துவிடும்.

மூன்றாவது கலவை. எஸ்யூ கார்புரேட்டரின் ஜெட் நட்டை ஒரு முகம் கீழே இறக்கிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் கலவை மெலிந்திருந்தது என்று பொருள். பழைய வால்வு கைடுகளை மாற்றாமல் விட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். அறைக்குள் கசியும் எண்ணெய், பெட்ரோலின் ஆக்டேனைக் குறைத்துவிடும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் இந்த வெப்பநிலையில் மற்ற எதைச் சரிசெய்தும் பயன் இல்லை.

மொத்த அட்வான்ஸை 28 வரை இறக்கியும் நிற்கவில்லை என்றால், விகிதமே அதிகம். அப்போது சிலர் கனமான கேஸ்கட் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். விளிம்பு இடைவெளி கூடி, பாய்ச்சல் செத்து, சத்தம் அப்படியே நிற்கும். ஹெட்டைக் கழற்றி, அறையைப் பெரிதாக்குவதே முறை. 0.040 ஓவர்சைஸில் 9.5-ஐ 9.0 ஆக்க அறைக்கு 3.4 சி.சி. கூட வேண்டும். இன்லெட் வால்வைச் சுற்றியுள்ள சுவரைத் தேய்த்தால் காற்றோட்டமும் கூடும். பி-சீரிஸ் அறை இதய வடிவம். இரு வால்வுகளுக்கும் நடுவே மூக்கு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதன் கூர்மையை வட்டமாக மழுக்குங்கள். கூரான விளிம்பு முதலில் பழுக்கச் சூடேறி, ஸ்பார்க்குக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். அந்த முன்கூட்டிய பற்றுதலுக்கு பிபி6ஈஎஸ் பிளக்குக்குப் பதில் ஒரு படி குளிர்ந்த பிபி7ஈஎஸ் உதவும். சாதாரண நாக்கிங்குக்கு அது மருந்தல்ல.

கேள்வி: என்னிடம் எம்ஜிஏ 1500 இருக்கிறது. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் இதே குடும்பம் என்பதால், அதன் பிஸ்டனையே போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். கம்ப்ரஷன் குறையுமா, கூடுமா? (கோவை வாசகர்)

பதில்: குடும்பம் ஒன்றே. எம்ஜிஏ 1955-இல் வந்தது; அம்பாசடருக்கு அதே பி-சீரிஸ் என்ஜின் 1959-இல் கிடைத்தது. இரண்டிலும் போர் 73.025, ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. ஆனால் போர் பொருந்துவதால் பிஸ்டன் பொருந்திவிட்டது என்று ஆகாது. வாங்கும் முன் நான்கை அளக்கச் சொல்லுங்கள். பின்னின் விட்டம், பின்னை ராட் எப்படிப் பிடிக்கிறது, ரிங் பள்ளங்களின் அகலம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம்.

கடைசியில் சொன்னதுதான் விகிதத்தைத் தீர்மானிக்கும். எம்ஜிஏ 1500-இன் விகிதம் 8.3, அதற்கு உச்சியில் மொத்த இடம் 51 சி.சி. உயரம் 1 மி.மீ. குறைந்த பிஸ்டன் போட்டால் 4.2 சி.சி. கூடி, விகிதம் 7.7-க்கு இறங்கிவிடும். தலையில் குழி பெரிதாக இருந்தால் இன்னும் இறங்கும். பழைய எம்ஜிஏ பிஸ்டன் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்து வாங்குவதே உத்தமம்.

8.3-க்கு மேல் ஏற்ற வேண்டும் என்றால் 8.8 போதும். இன்று நம் ஊர் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், கார்புரேட்டரைத் தொடாமல் விட்டால் கலவை சுமார் 8 சதவீதம் மெலியும். மெலிந்த கலவையும் ஏறிய கம்ப்ரஷனும் சேர்ந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. கார்புரேட்டர் ஊசியை ஒரு படி செழுமையானதாக (பெட்ரோலைக் கூடுதலாக விடுவதாக) மாற்றி, பெட்ரோல் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிய பிறகே என்ஜினில் கை வையுங்கள். ஹெட் கையிலிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின சீட் பதித்துவிடுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய இரும்பு சீட் குழிந்து, வால்வு கிளியரன்ஸ் ஓயாமல் குறைந்துகொண்டே வரும்.

கேள்வி: கம்ப்ரஷன் கேஜில் 160 பிஎஸ்ஐ காட்டுகிறது. அதாவது 11 மடங்கு. அப்படியானால் என் என்ஜினின் விகிதம் 11-ஆ? (சென்னை வாசகர்)

பதில்: இல்லை. அழுத்தும்போது காற்று சூடேறுவதால் அழுத்தம் விகிதத்தைவிட வேகமாக ஏறும். வால்வு மூடும் நேரமும், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் அதை மாற்றும். நல்ல நிலையிலுள்ள 8.8 எம்ஜிபி 160 பிஎஸ்ஐயை ஒட்டித்தான் காட்டும், 8.0 என்ஜின் 130-ஐ ஒட்டி. கேஜை நான்கு சிலிண்டரையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புதிய பிஸ்டன், ரிங் போட்டுப் பூட்டும்போது எதில் கவனம் வேண்டும்? ஓடவிடும் முறை என்ன? (மதுரை வாசகர்)

பதில்: ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்காமல் பூட்டாதீர்கள். ரிங்கைப் போருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் 25 மி.மீ. உள்ளே நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விடுங்கள். போரின் ஒரு அங்குலத்துக்கு 0.004 அங்குலம் என்ற கணக்கில் எம்ஜிபிக்கு 0.32 மி.மீ. வரும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் வரப்பையே உடைத்துவிடும். கம்ப்ரஷன் கூட்டிய என்ஜினில் சூடும் கூடுதல் என்பதால் 0.35 வைத்தாலும் தப்பில்லை. ரிங்குகளின் இந்த வாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வைத்துப் பூட்டுங்கள்.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக 45 முதல் 50 பவுண்ட்-அடிக்கு, அதாவது 61 முதல் 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஸ்டட் மரைகளில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கட்டும்.

புதிய கேமும் டேப்பட்டும் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 20 நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேலேயே ஓட்டுங்கள். துத்தநாகச் சேர்மம் உள்ள 20டபிள்யூ-50 சாதாரண மினரல் எண்ணெயே வேண்டும். முதலிலேயே சிந்தெடிக் ஊற்றினால் ரிங் சரியாகப் படியாது. பிறகு சாலையில் மூன்றாம் கியரில் பாதி த்ராட்டிலில் வேகம் ஏற்றி, காலை எடுத்து, மறுபடி ஏற்றி ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவது இந்தக் கட்டத்தில் கூடாது.

500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். மறுநாள் காலை என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, அதே வரிசையில் அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். கேஸ்கட் படிந்ததால் வால்வு கிளியரன்ஸும் மாறியிருக்கும், 0.015 அங்குலத்துக்குத் திருப்பி வையுங்கள். அதன் பிறகே மொத்த அட்வான்ஸை 28-இலிருந்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிப் பார்க்கலாம்.